தலைமாட்டுக்காரர்

அந்த ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் கிரேன் என்று ஒருவர் இருந்தார். அவர் ஒரு முறை, மாவுக்கட்டுப் போட்ட ஒரு பயில்வானையும், பயில்வான் படுத்திருந்த கட்டிலையும், கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த பயில்வானின் மாமியாரையும் சேர்த்து ஒரே மூச்சில் தூக்கி, ஜன்னலோரம் காற்று வருகிற இடமாகப் பார்த்து வைத்தார். செருப்பு கிடைத்துவிட்டது என்று மாமியார் குரல் கொடுத்த பிறகுதான் இறக்கினார்.

சரி, இதில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். மாமியார் கிடையாது. கட்டிலும் கிடையாது. பயில்வான் என்பது அந்த நோயாளி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. பார்த்த வேலை என்னவோ அச்சகத்தில் காகிதம் அடுக்குவது. ஆனால் கனத்த மனிதர், கிரேன் அவரைத் தனியாளாகத் தூக்கினார். அது மட்டும் அப்பட்டமான உண்மை. இந்தக் கதையில் வருத்தப்பட வேண்டிய விஷயமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிரேனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பிரிவில் இருக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அதை உச்சரித்ததில்லை. வார்டு உதவியாளர் வேலை. நோயாளியைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வேண்டும், ஸ்ட்ரெச்சரிலிருந்து எக்ஸ்ரே மேசைக்கு, அங்கிருந்து மறுபடி கட்டிலுக்கு. சறுக்கிக் கால்மாட்டுக்குப் போய்விட்டவரை மேலே இழுத்துவிட வேண்டும். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு: மூட்டை நெளியாது, அலறாது, பாதி வழியில் பயந்துபோய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. மனிதன் இத்தனையும் செய்வான். செய்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா தூக்கியிருக்கலாம்" என்றும் சொல்வான்.

கிரேன் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே செய்தார். அகலமான தோள், தூண் மாதிரிக் கால்கள். "கிரேன் வந்தாத்தான் எழுந்திருப்பேன்" என்று அடம் பிடித்த நோயாளிகள் உண்டு. அவருக்கு அது தலையில் ஏறியிருந்தது. யாருக்குத்தான் ஏறாது.

அவருடைய ஜோடி அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். வேலையில்லாமல் சும்மா இருந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதே கிரேன்தான். உடம்பு ஒல்லி, தலை மட்டும் பெரிது. வார்டில் அவருக்குக் குண்டூசி என்று பெயர் விழுந்துவிட்டது. கிரேன் மட்டும் சகலை என்றே கூப்பிடுவார்.

அந்த வார்டில் ஆள் தூக்குவதற்கு ஒரு முறை இருந்தது. யார் ஏற்படுத்தியதோ தெரியாது, புத்தகத்தில் இருக்கிற முறை இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஒருவர் தலைமாட்டில் நின்று நோயாளியின் அக்குளுக்கு அடியில் கை கொடுத்து மார்போடு அணைத்துக்கொள்வார். இன்னொருவர் கால்மாட்டில் நின்று முழங்காலுக்கு அடியில் பிடிப்பார். அப்படியே தூக்கிப் பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரெச்சரில் வைப்பார்கள். மனிதனுடைய கனம் முக்கால்வாசி இடுப்புக்கு மேலேதான். அதனால் தலைமாட்டில் நிற்கிறவருக்குத்தான் வார்டில் மரியாதை. டீ வந்தால் முதல் தம்ளர் அவருக்கு. ஒற்றை நாற்காலி இருந்தால் அது அவருக்கு. கால்மாட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொள்ள வேண்டியதுதான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கிரேன் தலைமாடு, சகலை கால்மாடு.

சகலைக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண் இருந்தது.

"அண்ணே, ஒரே ஒரு தடவை நான் தலைமாட்டுக்கு வர்றேனே."

"உன் தலையையே நீ கஷ்டப்பட்டுத் தூக்கிட்டுத் திரியிற. இதுல அடுத்தவன் தலை வேறயா உனக்கு?"

வார்டே சிரிக்கும். சகலையும் சிரிப்பார். மறு வாரம் மறுபடி கேட்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பிசியோதெரபி பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக உதவியாளர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு வகுப்பு வைத்தாள். காலியாக இருந்த ஒரு கட்டிலில் தானே ஏறிப் படுத்துக்கொண்டு, "நான்தான் நோயாளி. எப்படித் தூக்குவீங்கன்னு காட்டுங்க" என்றாள்.

"உங்களைத் தூக்க நான் எதுக்கும்மா?" என்றார் கிரேன். "அந்த ஃபேனைக் கொஞ்சம் வேகமா வெச்சா போதும்."

அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து கேட்டாள்: "முதுகு வலிக்குமாண்ணே?"

"எனக்கா? என் முதுகுக்கு வலின்னா என்னன்னே தெரியாது."

"அது உடனே சொல்லாதுண்ணே. சேர்த்து வெச்சு ஒருநாள் சொல்லும்."

பிறகு அவள் நிறைய விஷயம் சொன்னாள். கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு வேலை செய்ய வேண்டும், குனிந்து செய்யக் கூடாது. ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைப் பூட்ட வேண்டும். தூக்கவே வேண்டாம், வழவழப்பான ஒரு துணியை நோயாளிக்கு அடியில் செருகி இழுத்தால் தானாக நகருவார். ஒத்தாசையே செய்ய முடியாத கனத்த நோயாளி என்றால் மெஷின் இருக்கிறது, அதன் பையில் அவரைப் படுக்க வைத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை இன்றோடு மறந்துவிட வேண்டும். கடைசியாக இன்னொன்றும் சொன்னாள்: "உங்களுக்கே உடம்பு சரியில்லைன்னா, தூக்குறதுக்கு முன்னாடி கூட இருக்கிறவங்ககிட்ட சொல்லிடுங்க." அது யார் காதிலும் ஏறவில்லை. அதற்குள் எல்லோருக்கும் பசி வந்துவிட்டது.

கட்டிலை ஏற்றி இறக்கும் இரும்புக் கைப்பிடிகள் வார்டில் இருக்கத்தான் செய்தன. ஒன்றைக் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். மற்றதெல்லாம் அலமாரிக்குப் பின்னால். வழுக்குத் துணி நல்ல நீல நிறத்தில் இருந்தது, மழையில் நனையாது என்று கண்டுபிடித்து, கிரேன் அதைத் தன் பைக்குக்குப் போர்வையாக்கினார். மெஷினுக்கு நீளக் கழுத்து. ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்து மூலையில் நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் அதன் கழுத்தில் ஈரத் துண்டுகள் காய்ந்தன.

சகலை மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். யாரும் இல்லாத சமயம் பார்த்து அந்தப் பையில் தானே உட்கார்ந்து பொத்தானை அழுத்தி, மேலே போய், கீழே வந்தார்.

"அண்ணே, ஊஞ்சல் மாதிரி இருக்கு. கொஞ்சம்கூடக் குலுக்கல."

"அப்படியே ஒரு தாலாட்டும் பாடச் சொல்லு. நாங்க பாட்டுக்கு வேலையைப் பாக்குறோம், நீ தூங்கு."

அதற்குப் பிறகு சகலை மெஷின் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

பிசியோ பெண் சொன்ன மாதிரியே கிரேனின் முதுகு ஒருநாள் வாயைத் திறந்தது. குழாயடியில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிந்தவர், அப்படியே தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் தூக்கும்போது வந்திருந்தாலாவது ஒரு கௌரவம். வாய் நுரையோடு, பிரஷ்ஷும் கையுமாக நின்றவரை மனைவிதான் தாங்கிக் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

"டாக்டர் பக்கத்துலயேதானே இருக்காரு. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"சொன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? வார்டுலேர்ந்து எடுத்துக் கேட்டுல உக்கார வெச்சிடுவாங்க. வர்றவன் போறவனுக்கு அட்டை கிழிச்சுக் குடுத்துக்கிட்டு."

"உக்காந்தா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

"கிரேனைக் கொண்டுபோய்க் கேட்டுல நிறுத்துவாங்களா யாராவது?"

"பாரம் தூக்க முடியலைன்னா கிரேனை ஷெட்டுலதான் நிறுத்துவாங்க" என்றாள் மனைவி. ஆனால் அவளே அகலமான பெல்ட் ஒன்றை வாங்கி வந்து, தினமும் காலையில் சட்டைக்கு உள்ளே இறுக்கிக் கட்டிவிட்டாள். ஷூ லேஸையும் அவளே கட்டினாள். குனிய வேண்டிய வேலை எதையும் அவர் வீட்டில் செய்யவில்லை. வார்டில் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி குனிந்தார். குனிந்து நிமிரும்போதெல்லாம் ஒரு ஜோக் அடித்தார், முகம் சுருங்கினால் சிரிப்பு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. அந்த மாதங்களில் வார்டில் ஜோக்குக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு நாள் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்காக ஒரு லாரி டிரைவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நல்ல ஆகிருதி. கட்டில் அவருக்குக் குறுகலாக இருந்தது. தியேட்டரிலிருந்து போன் மேல் போன்.

"மெஷினை எடுத்துக்குங்களேன்" என்றார் வார்டு சிஸ்டர்.

"அது சார்ஜ் ஏறி வர்றதுக்குள்ள இவருக்கு எலும்பு தானா கூடிடும் சிஸ்டர்" என்றார் கிரேன். சொல்லிவிட்டு லாரி டிரைவரின் தோளைப் பார்த்தார். அன்று காலையில் பெல்ட்டைக் கட்டும்போதே அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. இந்த மனிதரை மார்போடு அணைத்துத் தூக்கித் தன்னால் நிமிர முடியாது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. முடியாது என்று சொல்லவும் முடியவில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"சகலை, இன்னைக்கு நீ தலைமாட்டுக்கு வா."

சகலை திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்ததுபோல.

"நானா அண்ணே?"

"பின்ன, எத்தனை நாளைக்குத்தான் கால்மாட்டுலயே நிப்ப."

"அடடா, குண்டூசிக்குப் பதவி உயர்வு" என்று பக்கத்துக் கட்டிலில் வேலையாக இருந்தவன் குரல் கொடுத்தான். சகலை சட்டையை இழுத்து உள்ளே செருகிக்கொண்டார். உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு தலைமாட்டுக்குப் போய் நின்றார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடை ஏறும் பிள்ளைக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகம். கிரேன் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கால்மாட்டுக்குப் போனார்.

"தம்பி, நான் கொஞ்சம் கனம்" என்றார் லாரி டிரைவர், வெட்கத்தோடு.

"பூ மாதிரி வெக்கிறேன், பாருங்க" என்றார் சகலை.

தூக்கினார்கள். கட்டிலுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் கிரேனின் இடுப்பில் கத்தி வைத்துத் திருகின மாதிரி ஒரு வலி. பிடி ஒரு கணம் தளர்ந்தது. கால்கள் சரிந்தன, அவற்றோடு சேர்ந்து மொத்த உடம்பும் ஒருபக்கமாக இழுத்தது. சகலை விட்டுவிடவில்லை. இடுப்பை முறுக்கி, முழுக் கனத்தையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி லாரி டிரைவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார். சொன்ன மாதிரியே பூவைப் போலத்தான் வைத்தார். லாரி டிரைவர் தேங்க்ஸ் தம்பி என்றார்.

சகலை குனிந்தபடியே நின்றார்.

"சகலை, நிமிரு."

"நிமிர்ந்துதான் இருக்கேண்ணே" என்றார் சகலை, தரையைப் பார்த்துக்கொண்டு.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நீட்டினால் எனக்கே பொறுக்காது. தண்டுவடத்தில் ஆபரேஷன் செய்தார்கள். மாதக்கணக்கில் அதே வார்டில், தானே எத்தனையோ பேரைப் புரட்டிப் போட்ட கட்டிலில், மற்றவர்கள் புரட்டிப் போட சகலை படுத்திருந்தார். எழுந்து நடந்தார், ஆனால் இடது பாதம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை; இழுத்து இழுத்துத்தான் வந்தது. கையால் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய சின்ன மகள், அப்பா கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால், ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நிற்கப் பழகிக்கொண்டாள்.

மனைவியின் தங்கை ஒரே ஒரு தடவைதான் கிரேனிடம் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

"மாமா, நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேம்மா" என்றார் கிரேன்.

ஆஸ்பத்திரியில் சகலைக்கு உட்கார்ந்தபடி செய்கிற வேலை கொடுத்தார்கள். கேட்டில், பார்வையாளர்களுக்கு அட்டை கொடுக்கிற வேலை. எந்த நாற்காலிக்குப் பயந்து கிரேன் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அதே நாற்காலி.

சகலை அங்கே உட்கார்ந்து எல்லோரிடமும் பேசினார். நோயாளியைப் பார்க்க வந்தவர், ஆட்டோக்காரர், பழம் விற்கிறவள், யாராக இருந்தாலும் சரி. "நானும் எலும்பு வார்டுலதாங்க இருந்தேன். கடைசி நாள் அண்ணன் எனக்குத் தலைமாடு குடுத்தாரு. எவ்வளவு பெரிய ஆளு தெரியுமா அந்த நோயாளி? கீழ விடலையே நான். என் உடம்புக்குத்தான் அந்தப் பதவி தாங்கல. அண்ணன் நம்பித்தான் குடுத்தாரு."

ஒருநாள் உள்ளே நுழையும்போது கிரேன் காதில் இது விழுந்தது. மறுநாளிலிருந்து அவர் பின்பக்கமாக, அழுக்குத் துணி வண்டிகள் போகிற வழியாக வார்டுக்குப் போனார். அது நல்ல சுற்று. பெல்ட்டோடு அவ்வளவு தூரம் நடப்பது அவருக்குச் சுலபமில்லை. ஆனாலும் போனார்.

டாக்டரிடம் தன் முதுகைக் காட்டினார். எல்லாம் நடந்து முடிந்த பிறகு. "இவ்வளவு நாள் எப்படிய்யா வெளியில சொல்லாம இருந்தே?" என்று டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார். கிரேன் அங்கே ஜோக் எதுவும் அடிக்கவில்லை. இனிமேல் ஆள் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கேட்டுக்கு அனுப்பவில்லை, பிசியோ பெண்தான் தடுத்தாள். மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்திருந்தால் முன்னாடியே கிடைத்திருக்கக்கூடிய வேலை. இதை நினைக்கும்போதெல்லாம் அவர் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று மனைவி சொல்கிறாள்.

இப்போது ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் துண்டு காய்வதில்லை. யாராவது காயப்போட்டால் துண்டு ஜன்னல் வழியாகப் பறக்கும். கைப்பிடிகளைத் தேடி எடுத்துத் துரு நீக்கி, ஒவ்வொரு கட்டிலிலும் மாட்டி வைத்தார். நீலத் துணியும் பைக்கை விட்டு வார்டுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வழக்கம் கொண்டுவந்தார். நோயாளியின் மேல் கை வைக்கும் முன்பு, கூட நிற்கிறவரை மற்றவர் கேட்க வேண்டும்: "உடம்பு எப்படி இருக்கு?" உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சும்மா நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு முகம் சுளித்தால், கிரேன் குறுக்கே வந்து நின்றுகொள்வார்.

"என்னண்ணே இது, நாங்க நலம் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள நோயாளி நடந்தே போயிடுவாரு போலிருக்கு" என்றாள் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி.

"போனா போகட்டும். உனக்கு வேலை மிச்சம். இப்ப சொல்லு, உடம்பு எப்படி இருக்கு?"

"தோள்பட்டை கொஞ்சம் பிடிச்சிருக்குண்ணே."

"போய் மெஷினைத் தள்ளிட்டு வா."

எல்லோரிடமும் கேட்டார். கேட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் மட்டும் கேட்கவில்லை. குடும்பத்தோடு கூடும்போதெல்லாம் சகலைக்கு நேரான முதுகு வைத்த நாற்காலியைப் போட்டு, தலையணை செருகி, டீயில் முதல் தம்ளரை அவர் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு ஏதோ சொல்ல வருவார். வாய் வரைக்கும் வரும். பிறகு, "சர்க்கரை போதுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மனைவிதான், பக்கத்து வீட்டில் கதை எழுதிக்கொண்டிருக்கும் என்னிடம் வந்தாள். "அவரால சொல்ல முடியாது. நீங்க ஒரு கதையா எழுதி, எல்லாரும் இருக்கும்போது படிச்சிடுங்க. உங்க கதையில எது நிஜம், எது புளுகுன்னு யாருக்கும் தெரியாது. தங்கச்சி வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டா புளுகுன்னு சொல்லிடலாம், கோவிச்சுக்கலைன்னா நிஜம்னு சொல்லிடலாம்." கிரேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அதனால்தான் அந்த மாமியாரையும் கட்டிலையும் தவிர மற்ற எதையும் நான் கூட்டவில்லை.

அக்கா, தங்கை, இரண்டு சகலைகள், எல்லோரும் கூடத்தில் இருந்தபோது இதைப் படித்தேன். தலைமாட்டுக்கு வா என்ற இடம் வந்ததும் கிரேன் எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டார். முதுகைக் காட்டியபடி. கடைசி வரிகளை அவருக்காகச் சேர்த்து இப்படி எழுதியிருந்தேன்: "தன் வலியை மறைக்கத்தான் அந்த இடத்தைக் கொடுத்தார். அது பதவி இல்லை. சகலைக்கு இன்றுவரை அது தெரியாது."

சகலை கையை உயர்த்தினார், வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளையைப் போல.

"ஒரு இடம் தப்பா இருக்கு."

"எந்த இடம் தம்பி?"

"எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்களே, அது. அன்னைக்குக் காலையில வார்டு வாசல்ல அண்ணன் கையிலேர்ந்து பேனா மூடி விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கல. காலால சுவரோரம் தள்ளிட்டு, நான் பாக்குறேனான்னு பாத்தாரு. நான் ஜன்னலைப் பாக்குற மாதிரி திரும்பிக்கிட்டேன். தலைமாட்டுக்கு வான்னு சொன்னப்ப எதுக்குக் கூப்பிடுறாருன்னும் தெரியும். கேட்டுல நாலு பேருகிட்ட சொல்றது வேற. மெஷினைத் தள்ளிட்டு வர்றேண்ணேன்னு ஒரு வார்த்தை நானும் சொல்லியிருக்கலாம். சொன்னா அந்தத் தலைமாடு போயிடுமேன்னு சொல்லல. தெரியாதுங்கறதை அடிச்சிட்டு, தெரியும்னு போடுங்க."